அடித்தவர் மட்டும் உள்ளே வரலாம்

எங்கள் ஊர் எந்த ஊரோடும் சேராத ஊர். கிழக்கே பத்து கிலோமீட்டரில் ஒரு நகராட்சி, மேற்கே பன்னிரண்டில் இன்னொன்று. நடுவே நாற்பத்து மூன்று வீடுகள், ஒரு மர அறுவை மில், ஒரு செங்கல் சூளை, ஒரு வெல்டிங் பட்டறை, கறிக்கடை, சலூன். தலைவர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது, வரி கிடையாது, தெருவிளக்கும் கிடையாது. போலீஸுக்குப் போன் போட்டால் கிழக்கு ஸ்டேஷன் "அது மேற்கு எல்லை" என்று வைத்துவிடும். மேற்கில் கேட்டால் "கிழக்கைக் கேளுங்க" என்பார்கள். ஆக, உலகத்திலேயே அதிகச் சுதந்திரம் உள்ள நூற்று முப்பத்தேழு பேர் நாங்கள்தான். அந்தச் சுதந்திரத்தை முழுக்க முழுக்க ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவே செலவழித்தோம்.

அடிதடிக்கு எங்களிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. அதன் வரலாறு ஊரின் வரலாறே.

முதலில் இங்கே இருந்தது ஒரு மரமும் இரண்டு மனிதர்களும். மரத்தை அறுக்க வந்தவர் என் அப்பா. அதையே வெட்டிச் சூளையில் எரிக்க வந்தவர் இன்னொருவர். பேச்சு நாலு வார்த்தைதான் நடந்தது. சூளைக்காரர் செங்கல்லால் அப்பாவின் தொடையெலும்பை உடைத்தார். கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அப்பா போட்ட கூச்சல் காதைத் துளைத்ததால், வேறு வழியில்லாமல் சூளைக்காரர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர் நடந்தார். (அப்பா சொல்லும்போது இருபதுதான். அவர் காலமான பிறகு நான் மரியாதைக்காக இரட்டிப்பாக்கினேன்.) அப்பா சும்மா வந்தாரா? சுமந்தவரின் மண்டையில் வழிநெடுக முஷ்டியால் குத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேருமே விழுந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். துணைக்கு வர யாரும் இல்லை. காலை உடைத்தவர் இவருக்குச் சோறு ஊட்டினார், மண்டையைப் பிளந்தவர் அவருக்குக் கட்டு மாற்றினார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து பழக்கதோஷத்தில் பக்கத்துப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். மரத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். அடித்தவன் உட்கார வேண்டும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கடைசித் தையல் பிரிக்கிற வரைக்கும் கட்டிலோரம் உட்கார்ந்து, ஊட்டி, துடைத்து, பெட்பேன் வைத்து, கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். வேறு யாரும் துணைக்கு இருக்கக் கூடாது. பெண்டாட்டியே வந்தாலும் ஜன்னல் வழியாகப் பார்த்து அழுதுவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

இதனால் அடிதடி குறைந்தது என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு எங்களைத் தெரியவில்லை. யோசித்து அடிக்க ஆரம்பித்தோம். கையை ஓங்குவதற்கு முன்னால் எதிராளியை மேலும் கீழும் பார்த்து, 'இந்த உடம்பைப் புரட்டிப் போட நம்மால் முடியுமா?' என்று கணக்குப் போடுவோம். ஒல்லியானவர்கள் சக்கையாக அடி வாங்கினார்கள். கறிக்கடைக்காரரின் எடை நூற்று எண்பது கிலோ. அவர் மேல் முப்பது வருடமாக ஒரு கொசு கடித்த தழும்புகூட இல்லை. சலூன்காரர் நாற்பத்தைந்து கிலோ. அவருடைய எலும்புகளில் எது முதலில் இருந்தது, எது டாக்டர் வைத்தது என்று டாக்டருக்கே தெரியாது. ஊர்க் கல்யாணங்களில் பாதி அந்த வார்டில் நிச்சயமானவை. வெல்டர் பின்னாளில் தன் மாமனாரானவரின் விலா எலும்பை உடைத்து, பதினெட்டு நாள் பணிவிடை செய்து, பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். நான் மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டிய முப்பத்து நாலு வருடத்தில் பத்தொன்பது பேருக்கு உட்கார்ந்திருக்கிறேன். எனக்காகப் பதினொரு பேர். வரவைவிடச் செலவு அதிகம்.

ஆஸ்பத்திரியிலும் பழகிவிட்டது. எங்கள் ஊர் வண்டி வந்து நின்றால் பெரிய நர்ஸ் படியில் நின்று, "அடிச்சவர் யாரு? அடிச்சவர் மட்டும் உள்ள வாங்க, மத்தவங்க வெளிய" என்பார்.

இந்த நிம்மதியில் கிழக்கு நகராட்சி கண் வைத்தது. நூறு பேருக்கு மேல் குடியிருக்கிற இடத்தைப் பக்கத்து நகராட்சி சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்கோ ஒரு விதி இருந்ததாம். ஆள் எண்ணுவதற்கு அரசாங்கத்துக் குமாஸ்தா ஒருவர் வியாழக்கிழமை வருவதாக மில் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எண்ணிவிட்டால் சேர்ப்பு. சேர்த்துவிட்டால் மில் மூடல். நகராட்சி எல்லைக்குள் மர அறுவை கூடாது என்று அவர்களிடம் தனி விதி இருந்தது.

மில் என் அண்ணியுடையது. சூளைக்காரரின் மகள். எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். அண்ணன் படுக்கையில் அமைதியாகச் செத்தார். எங்கள் ஊரில் அப்படிச் செத்த ஒரே ஆண்பிள்ளை அவர்தான், இன்றுவரை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் அந்தப் பெரிய ரம்பத்தின் முன் நின்றவர் அண்ணி. அதற்கு இரண்டு விரல்களைக் கொடுத்திருக்கிறார். "மிச்சம் எட்டு இருக்கே, நான் என்ன வீணையா வாசிக்கப் போறேன்" என்பார். ஊரே அவரை மில்லம்மா என்று கூப்பிடும்.

சனிக்கிழமை சலூன்காரர் மரத்தூள் குவியலில் உட்கார்ந்து ஒரு யோசனை சொன்னார்.

"மில்லம்மா, வியாழக்கிழமை எல்லாரும் எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கலாமே. வர்றவன் யாரை எண்ணுவான்?"

"ஏன்டா, நான் பொறந்த ஊர்ல நானே இல்லைன்னு காட்டவா?" என்றார் அண்ணி. "வரட்டும். ஒவ்வொருத்தரையும் நல்லா நிமிர்ந்து பார்த்து எண்ணிட்டுப் போகட்டும். மில்லை மூட வரும்போது பார்த்துக்கலாம்."

"எப்படிப் பார்த்துக்கறது?"

"எப்பவும் எப்படிப் பார்த்துக்கறோம்?"

சலூன்காரர் பழக்கத்தில் தன் விலாவைத் தடவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நகராட்சி சேர்மன் நேரிலேயே வந்தார். மில் முற்றத்தில் கூட்டம். அடுக்கி வைத்திருந்த மரத்தடிகளின் மேல் ஏறி நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மைக், முன்னால் இரும்பு அடிப்பாகம் வைத்த மைக் ஸ்டாண்ட், இரண்டு பக்கமும் தடியர்கள், பின்னால் பையோடு ஒரு செயலாளர்.

"என் உயிரினும் மேலான மக்களே, உங்களுக்கு விளக்கு வரும், குழாய் வரும், சட்டம் ஒழுங்கு வரும்..."

சட்டம் ஒழுங்கு என்றதும் அண்ணி ரம்பத்தின் சுவிட்சைப் போட்டார். நான் தீட்டிய பல். அது ஒரு தேக்குத் தடிக்குள் இறங்கினால் மூன்று ஊர் தள்ளி மாட்டுக்குப் பால் வற்றும். சேர்மனின் வாய் அசைந்தது, சொல் வரவில்லை. கையை ஆட்டினார். அண்ணியும் பதிலுக்குக் கையை ஆட்டினார். மனிதர் பொறுக்க முடியாமல் கீழே குதித்து, ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு வந்து, சுவிட்சைத் தானே அணைத்தார்.

அப்படி ஒரு அமைதியை எங்கள் ஊர் கேட்டதே இல்லை.

"சேர்மன் சார்," என்றார் அண்ணி, "இந்தச் சுவிட்சைத் தொட்டவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் என் புருஷன். அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

"வியாழக்கிழமைக்கு அப்புறம் இதை யாருமே தொட மாட்டாங்கம்மா. சீல் வெச்சிடுவோம்."

அண்ணி அவர் நெஞ்சில் எட்டு விரலையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். மரத்தூள் குவியலில் விழுந்து, மாவில் புரட்டிய மீன் மாதிரி எழுந்தார் சேர்மன். யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். (நான்தான்.) சேர்மன் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து வீசினார். இரும்பு அடிப்பாகம் அண்ணியின் இடது காதில் இறங்கியது. மைக் ஓடிக்கொண்டிருந்ததால் எலும்பு முறிந்த சத்தம் நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. அண்ணி ஒரு அடி எடுத்து வைத்தார், இன்னொரு அடி வைத்தார், அப்புறம் அறுத்த மரம் சாய்கிற மாதிரி முழு உயரத்துக்கும் சாய்ந்தார். மரத்தூள் சிவந்து கட்டியானது.

தடியர்கள் இரண்டு பேரும் எங்கள் பெண்கள் ஏழு பேரிடம் சிக்கினார்கள். முதல் தடியரின் கட்டைவிரல் பின்பக்கமாக மடிந்தது. இரண்டாமவர் கதவிடுக்கில் கையைக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினார். செயலாளர் வயல் வழியாகக் கிழக்கே ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு இன்றும் வரப்பில் கிடக்கிறது.

ஆனால் சேர்மன் மேல் ஒரு விரல் படவில்லை. அதுவரை அவரைக் கண்டாலே காறித் துப்பியவர்கள் எல்லாம் அந்த ஒரு அடியில் அவரை நம்மில் ஒருவராகப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெல்டர் பணிவாக அவருடைய கார்க் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்க சார்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. அடிச்சீங்கல்ல?"

"தம்பி, அது தெரியாமப் பட்டுடுச்சுப்பா..."

"சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க சார், நல்லாத்தான் பட்டிருக்கு. தலையை மடியில வெச்சுக்கங்க. ஆட்டாமப் பிடிங்க."

ஆஸ்பத்திரிப் படியில் பெரிய நர்ஸ் வழக்கம்போலக் கேட்டார். நாங்கள் எல்லோரும் ஒரே திசையில் விரலை நீட்டினோம். "நீங்களா சார்? சரி, உள்ள வாங்க. கையைக் கழுவுங்க. செருப்பைக் கழட்டுங்க." கறிக்கடைக்காரர் வார்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் வாசல் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மண்டை எலும்பில் கீறல், இடது காது போயே போச்சு, இருபத்திரண்டு தையல். திங்கட்கிழமை காலையில் கண் விழித்ததும் அண்ணி சொன்ன முதல் வார்த்தை, "பெட்பேன்."

சேர்மன் நாற்காலியில் இருந்து எழுந்தார். "நர்ஸைக் கூப்பிடறேன்மா."

"நர்ஸா அடிச்சாங்க?"

சேர்மன் வாசலைப் பார்த்தார். கறிக்கடைக்காரர் வாசலாகவே இருந்தார். பெட்பேன் வந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் மனிதர் தேறிவிட்டார். போர்வையைச் சுருக்கமில்லாமல் விரித்தார், மாத்திரையைப் பொடித்துக் கரைத்தார். வாய் மட்டும் திருந்தவில்லை. ஸ்பூனை நீட்டிக்கொண்டே, "நாளை மறுநாள் ஆள் எண்ணப் போறாங்க. நூத்தி முப்பத்தேழு. உன் மில்லுக்கு நானே பூட்டு வாங்கி வெச்சிருக்கேன்" என்றார்.

"எந்தக் கம்பெனிப் பூட்டு?"

"எதுவா இருந்தா உனக்கென்ன?"

"உடைக்கறதுக்கு எந்தக் கடப்பாரைன்னு பார்க்கணுமில்ல? தலகாணியைத் திருப்பிப் போடு. சூடா இருக்கு."

இதற்கிடையில் செருப்பில்லாத செயலாளர், சேர்மனைக் கடத்திவிட்டார்கள் என்று நகராட்சி முழுக்க ஊதியிருந்தார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று லாரிகளில் அறுபத்தோரு பேர் எங்கள் மில் முற்றத்தில் குதித்தார்கள். சைக்கிள் செயின், தண்ணீர்க் குழாய், ஹாக்கி மட்டை, ஒருவர் கையில் இடியாப்பப் பலகை மாதிரி ஏதோ ஒரு பலகை. நான் ரம்பப் பட்டையைக் கழற்றிப் பல் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கடா எங்க சேர்மன்?" என்றார் முதலில் குதித்தவர்.

"ஆஸ்பத்திரில பெட்பேன் கழுவிட்டு இருக்காரு" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? ஹாக்கி மட்டை என் தோளில் விழுந்தது.

அரை மணி நேரம் நடந்தது. எனக்கு ஆறு மணி நேரம் மாதிரி இருந்தது, சொல்லும்போது ஒன்பது ஆக்கிவிடுவேன். உடைந்த எலும்பின் சத்தம் காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி நாலா பக்கமும் கேட்டது. வெல்டர் தன் முகமூடியை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் தலையால் முட்டிக்கொண்டே போனான். அவன் போன வழி தனியாகத் தெரிந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் வரிசையாக. சூளைப் பெண்கள் செங்கல்லை வீசவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் முழங்காலுக்குக் கொடுத்தார்கள். குறி தவறக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பு. வெல்டரின் மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியாது; சத்தம் வந்த திசையில் சுத்தியலை எறிந்தார், ஒரு லாரி டிரைவரின் பாதத்தில் நாலு எலும்பு போயிற்று. குழந்தைகள் ஓட்டின் மேல் ஏறிக் கல்லெறிந்தார்கள். கைக்குழந்தைக்காரி இடுப்பில் குழந்தையோடு ஒரு காதைக் கடித்துத் துப்பினாள். சலூன்காரர் வாழ்நாளில் முதன்முறையாக ஒருவரை அடித்தார். அடித்துவிட்டு, "அட, நான்தானா?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்னை அடித்த ஹாக்கி மட்டைக்காரருக்கு முன்வரிசைப் பல் மூன்று கொட்டியது. முப்பத்து நாலு வருடம் பல் தீட்டியவன் கை, வேறெங்கு போகும்?

எல்லாம் அடங்கியபோது முற்றத்தில் ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி மாதிரி அறுபத்தோரு பேரும் கசிந்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. யார் யாரை அடித்தது? அதற்கே ஒரு சண்டை வர இருந்தது.

"இந்த மூக்கு என்னுது!"

"போடா, நான் குத்தின மூக்கு எனக்குத் தெரியாதா?"

"அண்ணே, நீங்களே சொல்லுங்க, உங்களைக் குத்தினது நானா இவனா?"

மூக்குக்காரர் பாவம், யாராக இருந்தாலும் சரி என்று அழுதார். கடைசியில் அடிபட்ட ஒருவருக்கு எங்களில் இரண்டு பேர் என்று பிரித்துக்கொண்டோம். அவர்கள் வந்த லாரிகளிலேயே அவர்களை ஏற்றி, நாங்களும் ஏறினோம். ஊரில் அடிக்காதவர் யாரும் இல்லை. கல்லெறிந்த குழந்தைகளும் சட்டப்படி உட்கார வேண்டியவர்கள்தான். கைக்குழந்தைகள் கடித்தவர்களோடு வந்தன. ஊரில் மிஞ்சியது ஒரு நாயும் சூளையின் இரண்டு கழுதைகளும்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பெரியாஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. எங்கள் ஆட்களிலும் பாதிக்கு மேல் காயம். ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொண்டு இவன் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தான், அவன் இவனுக்கு வாந்திச் சட்டி பிடித்தான். பெரிய நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு, "அடிச்சவங்க உள்ள வாங்க... ஐயோ, எல்லாருமா?" என்றார்.

தன் படை மொத்தமும் கட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக வருவதைப் பார்த்த சேர்மன் முதலில் அழுதார். அப்புறம் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார்.

"இருங்க, இருங்க. எல்லாருமே இங்க வந்துட்டா, ஊர்ல யாரு இருக்கா?"

"நாய் இருக்கு" என்றேன்.

"நாளைக்கு எண்ண வர்றானே!"

அவர் அலறியதில் அண்ணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். காதுக்கட்டில் ரத்தம் கசிந்தது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒளிந்துகொள்ள மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்க, நாங்கள் ஊரையே காலி பண்ணி இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

"எல்லாரும் கிளம்புங்க" என்றார். "இப்பவே. காலையில அவன் வரும்போது அவனவன் வீட்டு வாசல்ல நிக்கணும்."

"ஆமா, கிளம்புங்க, கிளம்புங்க!" என்றார் சேர்மன். "வண்டி நான் தர்றேன்!"

யாரும் அசையவில்லை. சூளைப் பெண் ஒருத்தி தான் உடைத்த முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்கலையா? எனக்குத்தான் ஒரு காது போச்சுன்னா உங்களுக்குமா போச்சு? நான் சொல்றேன், போங்க!"

வெல்டர் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மில்லம்மா, நீங்க எங்க மாமாவோட கையை உடைச்சப்ப, மில்லுல தீப்பிடிச்சுதுன்னு ஆள் வந்து சொன்னாங்க. நீங்க எழுந்து போனீங்களா?"

அண்ணி காதுக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பாதி மில் எரிஞ்சுது" என்றான் வெல்டர். "நீங்க மாமாவுக்குத் தலை வாரிட்டு இருந்தீங்க."

சேர்மன் நர்ஸ் மேஜையில் இருந்த போனைப் பிடுங்கிக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம். மெல்லிய, இழைத்த பலகை மாதிரி வழவழப்பான குரல்.

"தேதியை மாத்த முடியாதுங்க சார்."

"யோவ், ஊரே ஆஸ்பத்திரில இருக்குய்யா! நான் சேர்மன் சொல்றேன், நூத்தி முப்பத்தேழு பேர், என் கண்ணு முன்னாடி இருக்காங்க!"

"நான் உங்களுக்குக் கீழ வேலை பார்க்கலைங்க சார். அன்னைக்கு அந்த இடத்துல யாரு இருக்காங்களோ அவங்களைத்தான் எழுத முடியும். விதி."

இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி. நடுவில் சேர்மன் போனில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை குமாஸ்தா சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார். நாற்பத்து மூன்று கதவையும் தட்டி, விதிப்படி ஒவ்வொன்றிலும் மூன்று முறை "யாருங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டிருக்கிறார். கொடியில் துணி காய்ந்தது, முற்றத்தில் ரத்தமும் பல்லும் கிடந்தன. துணியை எண்ணச் சொல்லி விதியில் இல்லை, பல்லையும் எண்ணச் சொல்லி இல்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கடைசித் தையல் பிரித்து நாங்கள் ஊர் திரும்ப நாற்பது நாள் ஆனது. மில் கதவில் அன்றைய தேதியிட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நான்தான் சத்தமாகப் படித்தேன். 'வீடுகள்: நாற்பத்து மூன்று. மக்கள்: இல்லை. ஆள் இல்லாத இடம் என்பதால் நகராட்சியோடு சேர்க்கும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாட்களுக்குள் நேரில் தெரிவிக்கலாம்.'

மில் பிழைத்தது! வெல்டர் என்னைத் தூக்கிச் சுற்றினான், என் விலாவில் ஒன்று நெகிழ்ந்தது, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று இருவரும் பயந்தோம். ஊரே குதித்தது. அண்ணி மட்டும் அந்தத் தாளைக் கிழிக்காமல், தொடாமல், பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னைப் பெத்தவரு இந்த மண்ணுலதான் சூளை வெச்சாரு" என்றார். "ரெண்டு விரலை இங்கதான் புதைச்சிருக்கேன். இல்லைங்கறான்."

"ஆட்சேபம் சொல்லுங்க அண்ணி" என்றேன், குறும்புக்கு.

"சொன்னா மறுபடி எண்ணுவான். எண்ணினா மில் போச்சு. தெரியாத மாதிரி பேசாதீங்க கொழுந்தனாரே."

இருபத்தொன்பது நாள் மரம் அறுத்தார். அந்த இருபத்தொன்பது நாளும் அவர் அறுத்த பலகை மாதிரி நேரான பலகையை நான் பார்த்ததில்லை. யாரையும் திட்டவில்லை. ஊரே கலங்கிப்போனது. முப்பதாம் நாள் காலையில் ஒரு பையில் சோப்பு, துண்டு, மாற்றுப் புடவை, பிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்தார். பிறகு ஒரு ரீப்பர் கட்டையை எடைபார்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். பையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் மில் லாரியில் ஏறிக்கொண்டேன். இதை விடுவேனா?

குமாஸ்தாவின் அறை சிறியது. கோப்புகள் எல்லாம் விளிம்பு சேர்த்து அடுக்கியிருந்தன. மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். ஐம்பது கிலோ இருப்பார். அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்ததை நான் கவனித்தேன்.

"ஆட்சேபம் சொல்ல வந்தீங்களாம்மா? எந்த இடம்?"

அண்ணி சொன்னார்.

"அங்க யாரும் இல்லையேம்மா" என்றார் அவர், நிஜமான அக்கறையோடு. "நானே போய்ப் பார்த்தேன். மூணு மூணு தடவை கூப்பிட்டேன்."

"ஆட்சேபம் எதுவும் இல்லைங்க" என்றார் அண்ணி. "அது அப்படியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ரீப்பரை வீசினார். தாடை இரண்டு இடத்தில் போனது. முன்பல் ஒன்று பறந்து கோப்புகளின் மேல் விழுந்தது. அவர் நாற்காலியோடு சாய்ந்தார். அண்ணி மேஜையைச் சுற்றிப் போய், தலை தரையில் மோதாமல் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

கிழக்கு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். வார்டில் அண்ணி குமாஸ்தாவின் முகத்தை வெந்நீரில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் விலாசம் என்னம்மா?"

அண்ணி சொன்னார். அவர் தன் ஃபைலைப் புரட்டினார், போன் போட்டார், திரும்ப வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அது ஆள் இல்லாத இடம்னு இருக்கே."

"அப்ப இவரை அடிச்சது யாருங்க?" என்றார் அண்ணி. "இல்லாதவ மேல எப்படிக் கேஸ் எழுதுவீங்க? இவரையே கேளுங்க. விதி தெரிஞ்சவரு."

இன்ஸ்பெக்டர் கட்டிலைப் பார்த்தார். குமாஸ்தாவால் பேச முடியாது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கையால் மட்டும், எழுத எதுவுமில்லை என்பதுபோல் விரித்துக் காட்டினார். நேர்மையான மனிதர் என்று அப்போதுதான் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம். விழுந்த பல்லின் இடைவெளி வழியாகத்தான் பாலை ஊற்ற முடிந்தது, அதற்கென்றே ஒரு சின்ன ஸ்பூனை அண்ணி தேடிப்பிடித்தார். வேளைக்கு இருபது ஸ்பூன். ஒவ்வொரு ஸ்பூனையும் வாய்க்கு அரை அடி முன்னால் நிறுத்துவார்.

"இதை யாரு ஊட்டறது?"

அவர் விரலால் அண்ணியைக் காட்டுவார்.

"எந்த ஊரு?"

விரல் ஜன்னல் பக்கம், எங்கள் ஊர் இருக்கிற திசைக்குப் போகும்.

"அங்க ஆள் இருக்கா?"

ஆமென்று தலையை ஆட்டுவார். அப்புறம்தான் பால் உள்ளே போகும். இரண்டாவது வாரத்தில் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், வாயோரத்தில் பேச்சு வந்தது. அண்ணி ஸ்பூனை நிறுத்தி, கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பினார்.

"எத்தனை பேரு?"

"நூத்தி... முப்பத்தேழு" என்றார் அவர், எச்சில் ஒழுக.

அண்ணி துண்டால் அவர் மோவாயைத் துடைத்தார்.

"முப்பத்தெட்டு. வெல்டர் வீட்ல நேத்து பொறந்திருக்கு, பொண்ணு. வந்ததுமே நர்ஸை உதைச்சிருக்கா. வாயைத் தொறங்க."